கைரோபிராக்டிக்கில் நெட்டி எடுக்காமல் தசையையே அழுத்துவது ஏமாற்று வேலையா?

கழுத்து வலிக்காகக் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியம்) போய்வருகிறவர் கேட்டிருக்கிறார்: மூன்று முறை போயும் கழுத்தில் நெட்டி எடுக்கவில்லை, தோளையும் முதுகையும் அழுத்தியே அனுப்புகிறார்கள், பணம் பிடுங்கவா?

நான் வைத்தியன் இல்லை, தவில்காரன். ஊர் திருவாரூர் பக்கம். பட்ட அனுபவமும், வலியில் தூக்கம் வராத ராத்திரிகளில் படித்ததும்தான் என் சரக்கு.

சாமி புறப்பாடு என்றால் நாலு வீதியும் சுற்றி முடியும்வரை தவில் வலது தோளில் தொங்கும். பலாமரக் கட்டை, லேசுப்பட்ட கனமா? பங்குனி உற்சவம் முடிகிறபோது என்னால் கழுத்தைத் திருப்ப முடியாது. பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவேன். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு போகும் என்று அம்மா ஒருவரைத் தேடிப்பிடித்தாள். விளக்கெண்ணெய் போட்டு நீவியதில் அன்றைக்குச் சுகம்தான்.

அப்புறம் ஓர் இடத்தில், போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கழுத்தைத் திருப்பி மடக்கென்று எடுத்தார்கள். ஆகா என்றிருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அந்த 'மடக்' சத்தத்தை எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறோம். இல்லை. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குமிழ் உண்டாகிறது, விரலில் நெட்டி முறிக்கிறோமே அதேதான். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் இந்த வைத்தியத்தைத் தொடங்கிய டேனியல் டேவிட் பாமர், முதுகெலும்பு விலகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று சொன்னார். அதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை.

அடுத்து நான் போன இடத்தில் உங்களுக்குச் செய்கிற மாதிரியேதான் செய்தார்கள். முதலில் ஒத்தடம். பிறகு தோள்மேட்டில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், வலி நெற்றிப்பொட்டில் தெறித்தது! அழுத்துவது ஓரிடம், வலிப்பது வேறிடம். டிரிக்கர் பாயின்ட் என்றார். அரை நிமிஷத்துக்கு மேல் விடாமல் அழுத்திப் பிடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்புறம் கழுத்தின் மேல் எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்மூலைக்கு இறங்குகிற தசை. தவில் கனத்துக்குத் தோளைத் தூக்கியே வைத்திருந்து அது முறுக்கேறிக் கிடந்தது. அவர் கையை எதிர்த்துத் தலையால் தள்ளச் சொல்லி, விடச் சொல்லி, விட்ட நொடியில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொடுத்தார்.

எனக்கு விளங்கிய விதம் இது. தவிலில் ஒரு பக்கத்து நட்டு மட்டும் அதிகம் முறுகியிருந்தால் தட்டித் தட்டியா சுருதி சேர்ப்போம்? நட்டைத் தளர்த்துவோம். இறுகின தசை மூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது மேலே நெட்டி எடுத்தால் உடம்பு பயந்து இன்னும் இறுக்கும், அதிக பலம் போட வேண்டி வரும். தளர்ந்தபின் லேசாகத் தொட்டாலே மூட்டு அசைகிறது. சில நாள் நெட்டி தேவையே படவில்லை. அதனால் உங்கள் ஆளைச் சந்தேகப்படாதீர்கள். எடுத்த எடுப்பில் கழுத்தை முறுக்குகிறவரிடம்தான் எனக்குப் பயம். அபூர்வம்தான் என்றாலும், அந்தத் திருகலோடு கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா, நடை தடுமாறுகிறதா? அப்படியானால் அழுத்தலும் வேண்டாம், நெட்டியும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

ஆனால் அழுத்திவிட்டதோடு வேலை முடியாது. தோளைப் பின்னால் இழுக்கிற பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார், ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பது. அதைச் செய்யாத வாரம் வலி வந்து நிற்கும். தோளில் மாட்டுகிற துணியையும் இரண்டு மடங்கு அகலமாகத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துக்கொண்டேன். நாயனக்காரர் மாமா, "தலைகாணியோட வந்துட்டியாடா" என்று இன்னும் கேலி பண்ணுகிறார்.