வயலின் பழகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி (திருச்சி வாசகி): ஏழு வயது மகளை வயலின் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். அவள் தாத்தா வாசித்த பெரிய வயலின் வீட்டில் இருக்கிறது. வளர்கிற பிள்ளைதானே, அதையே கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அது பத்திரமாகப் பெட்டியில் இருக்கட்டும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் அவள் கைக்கு வரும். ஏழு வயதுக்குப் பெரும்பாலும் 1/4 அல்லது 1/2 அளவுதான் பொருந்தும். ஆனால் வயதை மட்டும் சொல்லி வாங்கிவராதீர்கள். கடைக்கு அவளையும் அழைத்துப் போங்கள். வயலினைக் கழுத்தோரம் வைத்து இடது கையை நீட்டச் சொன்னால், முனையிலுள்ள சுருளை விரல்கள் வளைத்துப் பிடிக்க வேண்டும். அப்போதும் முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். பிறகு சம்மணமிட்டு உட்காரவைத்து, சுருளை வலது பாதத்தில் ஊன்றிப் பாருங்கள். நம் கர்நாடக முறையில் அப்படித்தானே வாசிக்கப்போகிறாள்! பெரிய வயலினில் மூன்றாம் விரல் (மோதிர விரல்) எட்டாது, மத்யமம் (ம) இறங்கியே பேசும். கடைசியில் பிள்ளைக்கு ஞானம் போதவில்லை என்று பழி வரும். வில்லும் வயலினின் அளவுக்கே இருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): புது வயலின் வாங்கினோம். முதல் நாள் சத்தமே வரவில்லை. இப்போது கீச்சென்று கத்துகிறது. வயலினில் கோளாறா?

பதில்: முதல் நாள் சத்தம் வராததற்கு ரோசின் இல்லாததே காரணம். புது வில்லின் முடி வழுக்கும், தந்தியைப் பற்றாது. ரோசின் கட்டி பளபளவென்று இருந்தால் உப்புத்தாளால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, வில்லை அடிமுதல் நுனிவரை சில நிமிடங்கள் அதன்மேல் இழுங்கள். அதன்பின் தினமும் நாலைந்து இழுப்பு போதும். தந்தியடியில் வெள்ளைப் பொடி குவிந்தால் ரோசின் அதிகமாகிவிட்டது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

கீச்சிடுவது பெரும்பாலும் வில் குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டை) ஒட்டிப் போவதால், அல்லது கோணலாகப் போவதால். குதிரைக்கும் விரல்பலகைக்கும் நடுவில், தந்திக்குக் குறுக்கே நேராக வில் போகவேண்டும். கண்ணாடி முன் உட்காரவைத்தால் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும். வில்முடியை விரலால் தொடக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் பேசாது. தலையில் எண்ணெய் வைத்த கையோடு பிள்ளையைச் சாதகத்துக்கு (பயிற்சிக்கு) உட்காரவிடாதீர்கள். வாசித்து முடித்ததும் வில் திருகைத் தளர்த்தி வையுங்கள்.

இன்னொன்று: தந்தி மாற்றும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றவே கூடாது. குதிரையை நிற்கவைப்பதே தந்திகளின் இழுவிசைதான். உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சியும் அப்போது சாய்ந்துவிடலாம்; அதை நிறுத்தக் கைதேர்ந்த ஆள் வேண்டும். ஒன்றைக் கழற்றி, ஒன்றைக் கட்டுங்கள்.

கேள்வி (கோவை வாசகி): மகனுக்கு எட்டு வயது. ஆறு மாதமாகச் சரளி வரிசையிலேயே நிற்கிறான். ஸ்வரம் பிசகுகிறது, சாதகம் என்றாலே அழுகை. எங்களுக்குச் சங்கீதம் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: எங்கே பிசகுகிறது என்று முதலில் பாருங்கள். அதற்குச் சங்கீதம் தெரியவேண்டியதில்லை, கண் போதும். ஆரம்பப் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. திறந்த (விரல் வைக்காத) தந்தி ஸ, முதல் விரல் (ஆள்காட்டி விரல்) ரி, இரண்டாவது க, மூன்றாவது ம. இதில் ரி தந்தியின் மேல்முனைக்கு மிக அருகில் விழும். ரி–க நடுவே பெரிய இடைவெளி. க, ம இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சின்னக் கையில் இரண்டாம் விரல் சோம்பி முதல் விரலோடு ஒட்டிவிடும், காந்தாரம் (க) இறங்கிப்போகும். பெரும்பாலான பிள்ளைகள் இடறுவது இங்கேதான்.

முதலில் மூன்றாம் விரலை ம-வில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் விரலை அதை ஒட்டி இறக்கி, கடைசியில் முதல் விரலைப் பின்னால் நீட்டட்டும். இந்தக் கைவடிவம் வந்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. பக்கத்துப் பஞ்சமத் தந்தியில் ப, த, நி, ஸ வாசிப்பதும் இதே வடிவில்தான். மந்தர (தாழ்ந்த) பஞ்சமத் தந்தியில் மூன்றாம் விரல் தரும் ஸ, அடுத்த திறந்த தந்தியின் ஸ-வேதான். சரியாகப் பிடித்தால் தொடாத அந்தத் தந்தியும் சேர்ந்து அதிரும். அவனிடம் அதைக் காட்டுங்கள். அந்த அதிர்வைத் தேடிப் பிடிக்கப் பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிடும்.

ஒரு மணி நேரம் உட்காரவைக்காதீர்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஆசிரியர் சொன்ன கட்டையில் (ஸ்ருதி அளவில்) ஸ்ருதிப் பெட்டியோடு. முதல் இரண்டு நிமிடம் திறந்த தந்தியில் நீண்ட வில் மட்டும். முதல் காலம் (மெதுவான வேகம்) சுத்தமாக வராமல் இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகத்துக்கு) தாவவேண்டாம்.

ஆசிரியரிடம் சங்கராபரண ராகத்தில் சிறிய நோட்டுஸ்வரம் (மேற்கத்திய மெட்டுச் சாயலில் அமைந்த எளிய பாட்டு) ஒன்று கேளுங்கள். கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) கிடையாது, மெட்டு சட்டென்று மனதில் நிற்கும். இரண்டு தந்தியிலும் முதல் விரலை ஒரு ஸ்வரஸ்தானம் முன்னால் தள்ளினால் போதும், மற்ற விரல்கள் பழைய இடத்திலேயே. கடைசி ஐந்து நிமிடத்தை அதற்கு விடுங்கள். அந்த ஐந்து நிமிடம் தப்பாக வாசித்தாலும் திருத்தாதீர்கள்.