மட்டையைப் பீரோ மேலே வைத்துவிட்ட அப்பாவுக்கு

கேள்வி: அம்மா, நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். மகள் படிவம் 5. டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை, எங்கள் ஆசையும் அதுதான். ஆனால் மாநிலப் பள்ளி அணியில் கிரிக்கெட்டும் ஆடுகிறாள். போன தேர்வில் வேதியியல் மதிப்பெண் இறங்கிவிட்டது. கோபத்தில் மட்டையைப் பிடுங்கிப் பீரோ மேலே வைத்துவிட்டேன். மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "டாக்டராக இருந்துகொண்டே பெரிய கிரிக்கெட் வீரராகவும் இருந்தவர் உண்டுப்பா" என்று மட்டும் சொன்னாள். இதெல்லாம் நடக்கிற காரியமா? மனைவியோ வாயே திறப்பதில்லை.

பதில்: தம்பி, உங்கள் மகள் சொன்னது உண்மைதான். இங்கிலாந்தில் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்று ஒருவர் இருந்தார். 1879-ல் டாக்டரானார். அடுத்த வருடமே, லண்டன் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் 152 ரன் எடுத்தார். டெஸ்டில் சதம் அடித்த முதல் இங்கிலாந்துக்காரர் அவர்தான்.

ரன்னை விடுங்கள், எனக்குப் பிடித்தது வேறொன்று. 1887-ல் மான்செஸ்டரில் ஓர் ஆட்டம். எல்லைக்கோடு பக்கம் பந்தைத் துரத்திப் போன குரூம் என்ற ஆட்டக்காரர் வேலியில் மோத, கம்பியின் கூர்முனை கழுத்தில் ஏறிவிட்டது. அதே அணியில் இருந்த கிரேஸ் காயத்தின் இரண்டு ஓரத்தையும் விரல்களால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தைக்க ஊசி வந்து சேர ஏறக்குறைய அரை மணி நேரம். அதுவரை பிடி தளரவில்லை. குரூம் பிழைத்தார். நான் முப்பது வருடம் தாதியாக இருந்தவள். ரத்தம் கசியும் இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தாலே கட்டைவிரல் மரத்துப்போகும், தோளில் வலி ஏறும். அரை மணி நேரம் பிடித்தார் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, மகள் சொல்லாமல் விட்ட பாதியையும் சொல்கிறேன். அவளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். கிரேஸ் மருத்துவம் படிக்கத் தொடங்கியது 1868-ல். முடிக்கப் பதினோரு வருடம் ஆனது, நடுவில் கிரிக்கெட் அப்படி இழுத்தது. அவர் அப்பா டாக்டர், அண்ணன்மாரும் டாக்டர். கிளினிக் வைக்க உதவியாக ரசிகர்கள் பணம் திரட்டி 1,458 பவுண்டு கொடுத்தார்கள். கோடையில் அவர் ஆடப் போனால் பிரிஸ்டலில் நோயாளிகளை வேறு டாக்டர் பார்த்துக்கொள்வார். வீட்டில் 4 பிள்ளைகள், மனைவி பார்த்துக்கொண்டார். இரண்டையும் அவர் செய்தார்தான், ஆனால் விட்ட நேரத்தில் வேறு யாரோ அவருக்காகச் சுமந்தார்கள்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் அலி பேக்கரும் டாக்டர். 1970-ல் அவர் தலைமையில் ஆஸ்திரேலியாவை நாலுக்கு நாலு டெஸ்டிலும் ஜெயித்தார்கள். பிற்பாடு அவர் மருத்துவத்தை விட்டுவிட்டு கிரிக்கெட் நிர்வாகத்துக்கே போய்விட்டார். மெல்பர்னில் ராய் பார்க் என்ற டாக்டர் ஒரே ஒரு டெஸ்ட்தான் ஆடினார், முதல் பந்திலேயே அவுட். அத்துடன் சரி.

இப்போது நம் ஊர்க் கணக்கு. படிவம் 5-ல் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் ஒரு வருடம், மருத்துவம் 5, அப்புறம் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக, அதாவது ஹவுஸ்மேனாக 2. மொத்தம் 8 வருடம். அந்தக் கடைசி இரண்டு வருடம் மட்டையைத் தொட நேரம் இருக்காது. வார்டில் நின்றுகொண்டே தூங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இதை அவளிடம் மறைக்காதீர்கள். ஆனால் அந்தக் காலம் வருவதற்குள் இன்னும் நிறைய ஆட்டம் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 100-ல் 10 புள்ளி புறப்பாடத்துக்குத்தான், அதாவது விளையாட்டு, கழகம் மாதிரியானவற்றுக்கு. மாநில அணிக்கு ஆடிய சான்றிதழை ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரமாக வைத்திருங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

2025 ஜனவரியில் கிள்ளான் பண்டமாரானில் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணத்தில் நம் பிள்ளைகள் இந்தியாவிடம் 31 ரன்னில் சுருண்டார்கள். எதிரணியில் தொடக்கம் ஆட இறங்கியது மதுரைப் பொண்ணு கமலினி. அதைப் பார்த்த நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மனசுக்குள் என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கதையும் ஒன்று உண்டு. தாதிப் பயிற்சிக்குப் போகுமுன் தோட்டத்து அணியில் வலைப்பந்து ஆடினேன். படிப்பு கெட்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் என் வெள்ளைக் காலணியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் தாதியானேன், நல்லபடியாகவே வேலை செய்தேன். இருந்தாலும் அந்தக் காலணியின் இடது நாடாவில் போட்டிருந்த முடிச்சுகூட இன்றைக்கும் நினைவிருக்கிறது.

வேதியியலுக்கு டியூஷன் தேடுங்கள், மதிப்பெண் இறங்கியதற்கு மருந்து அதுதான். தேர்வுக்கு முந்தின இரண்டு மாதம் பயிற்சியை வாரம் ஒரு நாளாகக் குறைக்கச் சொல்லுங்கள். எந்த நாள் என்பதை அவளே முடிவு செய்து காலண்டரில் எழுதட்டும். பயிற்சிக்கு ஈப்போவுக்குக் கூட்டிப்போவது யார், அந்த நேரத்தில் அவள் செய்கிற வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் உங்கள் மனைவி தலையில்தான் விழும். அவர் வாய் திறக்காததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சனிக்கிழமை துணி துவைப்பதையும் சமையலையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் பீரோ மேலிருந்து மட்டையை இறக்குங்கள். கைப்பிடி ரப்பர் காய்ந்திருந்தால் ஈப்போ போகும்போது புதுசு ஒன்று வாங்கி, நீங்களே மாட்டி அவள் கையில் கொடுங்கள்.