வாங்க வருபவர்களோடு படும் பாடு: பாவித்த பொருட்களை இணையத்தில் விற்போரின் கேள்விகள்

கொழும்பில் வீடு மாறுபவர்களும் வெளிநாடு புறப்படுபவர்களும் தாங்கள் பாவித்த பொருட்களை இக்மன், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வட்ஸ்அப் குழுக்கள் ஆகியவற்றின் வழியாக விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்த கடிதங்களில் பொருட்களைப் பற்றிய சந்தேகங்களைவிட, வாங்க வருபவர்களைப் பற்றிய மனக்கசப்பே மிகுந்திருந்தது. வாங்குபவரின் குணத்தை நம்மால் மாற்ற இயலாது. ஆனால் விலை, பொருளின் நிலை, எடுத்துச் செல்லும் நேரம், பணம் தரும் முறை ஆகிய நான்கையும் பேச்சு முற்றுமுன் எழுத்தில் சொல்லிவிடும் விற்பனையாளருக்கு, கீழே வரும் தொல்லைகளில் பெரும்பகுதி நேர்வதில்லை.

கேள்வி: எங்கள் குளிர்சாதனப் பெட்டியை விற்க விளம்பரம் போட்டேன். "இருக்கா?" என்று நாள் முழுக்கச் செய்தி வருகிறது. "இருக்கிறது" என்று எழுதினால் அதன்பின் பேச்சு மூச்சில்லை. சிலர் "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டு மறைந்துவிடுகிறார்கள். விலையை விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன். ஏன் ஐயா இப்படிச் செய்கிறார்கள்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அம்மா, மார்க்கெட்பிளேஸில் பொருளின் படத்துக்கு அருகிலேயே "இன்னும் இருக்கிறதா?" என்ற வாசகம் ஆயத்தமாக இருக்கிறது. ஒரு தரம் தொட்டாலே அது உங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி தேடுகிற ஒருவர் கண்ணில் பட்ட எல்லா விளம்பரங்களுக்கும் அதை அனுப்பிவிட்டு, யார் முதலில் விபரம் தருகிறாரோ அவரோடு பேசத் தொடங்குகிறார். எனவே அந்தச் செய்தியை வாங்கும் விருப்பமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், பின்பு வரும் மௌனத்தை அவமதிப்பாக எண்ணி மனம் நோகவும் வேண்டாம்.

"இருக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், எல்லாம் அடங்கிய ஒரு செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, கேட்கும் ஒவ்வொருவருக்கும் அதையே அனுப்புங்கள். பெட்டி எத்தனை லீட்டர், எந்த ஆண்டு வாங்கியது, பனி கட்டும் வகையா கட்டாத வகையா, கொம்பிரஸர் மாற்றப்பட்டதா, உயரமும் அகலமும் என்ன, வீடு எத்தனையாவது மாடியில் இருக்கிறது, லிஃப்டுக்குள் பெட்டி நுழையுமா, விலை என்ன, எந்த நேரங்களில் வந்து பார்க்கலாம் என்பன அதில் இருக்கட்டும். முடிவில் "எந்த நாள், எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். வாங்கும் எண்ணமுள்ளவர் நாள் குறிப்பார். நாள் குறிக்காதவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. கொழும்பில் வரும் செய்திகளில் பல சிங்களத்திலோ, ஆங்கில எழுத்தில் எழுதிய சிங்களத்திலோ இருக்கும் என்பதால், தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு அதே விபரத்தைச் சிங்களத்திலும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி விலையை மட்டும் பொருளைக் காட்டுமுன் சொல்லாதீர்கள். தொலைபேசியில் நீங்கள் சொல்லும் கடைசி விலை, அவர் வாசலுக்கு வந்ததும் பேரம் தொடங்கும் முதல் விலையாகிவிடும். "வந்து பாருங்கள், பிறகு கதைப்போம்" என்பதே போதுமான பதில்.

பார்க்க வரும் நாளுக்கு முதல் இரவே பெட்டியை இயக்கிவிடுங்கள். கதவுக்கும் இறப்பருக்கும் இடையில் ஒரு காகிதத் தாளை வைத்துக் கதவை மூடி, தாளை மெல்ல இழுத்துக் காட்டுங்கள். இறப்பர் நன்றாக இருந்தால் தாள் பிடித்துக்கொண்டு வரும், தளர்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நாலு பக்கமும் இப்படிக் காட்டிய விற்பனையாளரிடம் பேரம் பேசுபவரின் குரல் தானாகவே தணியும். பெட்டியை நிமிர்த்தியபடியே கொண்டுபோக வேண்டும் என்பதையும், படுக்க வைத்துக் கொண்டுபோனால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லி அனுப்புங்கள். மறுநாள் வரக்கூடிய முறைப்பாடு ஒன்று அதனால் குறையும்.

கேள்வி: தேக்கு அலுமாரி ஒன்றை 60,000 ரூபாவுக்குப் பேசி முடித்தோம். வாங்குபவர் லொறியோடும் இரண்டு ஆட்களோடும் வந்து, அலுமாரியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "40,000 என்றால் இப்போதே ஏற்றுகிறேன்" என்றார். அடுத்த வாரம் நாங்கள் கனடாவுக்குப் புறப்படுவதால் வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டோம். இன்னும் கட்டில், மேசை, கதிரைகள் எல்லாம் இருக்கின்றன.
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பேசிய விலையை வாசலில் வைத்து உடைப்பது, பாவித்த தளபாடங்களை வாங்கி விற்போரில் சிலர் வேண்டுமென்றே கைக்கொள்ளும் முறை. லொறி வந்து நிற்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள், அயலவர் பார்க்கிறார்கள் என்ற நெருக்கடியில் வீட்டுக்காரர் இறங்கி வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நெருக்கடி உங்களைவிட அவருக்கே அதிகம் என்பதைக் கவனித்துப் பாருங்கள். லொறி வாடகையும் ஆட்கூலியும் அவர் கைக்காசு. வெறுங்கையோடு திரும்பினால் அது முழுவதும் நட்டம். "பேசிய விலைதான், இல்லாவிட்டால் அடுத்தவரை வரச் சொல்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லிக் கதவருகில் நின்றால், ஏற்றாமல் போகிறவர்கள் மிகச் சிலரே.

அந்த உறுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அலுமாரியின் பின்பலகையில் கறையான் அரித்த இடம், சரியாகப் பூட்டாத கதவு, வெடித்த கண்ணாடி ஆகியவற்றை விளம்பரப் படத்திலேயே கிட்ட வைத்துக் காட்டியிருக்க வேண்டும். நீங்கள் காட்டாத குறையொன்றை அவர் நேரில் கண்டுபிடித்தால், விலையைக் குறைத்துக் கேட்பது அவருடைய உரிமை, நீங்களும் குறைக்கத்தான் வேண்டும். காட்டிய குறைக்கு மீண்டும் ஒருமுறை விலை குறைக்க வேண்டியதில்லை.

மீதிப் பொருட்களுக்கு ஒரு ஆலோசனை. "வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை" என்ற வரியை விளம்பரத்திலிருந்து இன்றே நீக்கிவிடுங்கள். புறப்படும் திகதி தெரிந்தவர் அதற்கு முதல் நாள் மாலை வரை காத்திருந்து வந்து, தான் கேட்கும் விலைக்கு வாங்கிக்கொள்வார். கட்டிலையும் மெத்தையையும் கடைசி வரை வைத்திருக்க வேண்டியிருந்தால், அவற்றை இப்போதே உறவினர் ஒருவருக்குப் பேசி ஒதுக்கிவிட்டு, மேசை கதிரைகளை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எந்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை என்பதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கணவர் ஒரு விலையும் மனைவி ஒரு விலையும் சொல்வதைக் கேட்டு நிற்கும் வியாபாரிக்கு வேறு ஆயுதம் தேவையில்லை.

கேள்வி: தையல் இயந்திரம் விற்பதற்காக என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டேன். இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வருகிறது. சிலர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் தனியாக இருப்பவள்.
— வாசகி, தெஹிவளை

பதில்: உங்கள் இலக்கத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு, தளத்தின் செய்திப் பெட்டி வழியாக மட்டும் பேசுங்கள். விற்பனைக்கென்று தனியாக ஒரு சிம் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடலாம். வீட்டின் உட்புறம், சாளரத்துக்கு வெளியே தெரியும் காட்சி, கதவிலக்கம் ஆகியவை படங்களில் விழக்கூடாது. பார்க்க வருபவரை வீட்டுக்குள் அழைக்க வேண்டியதில்லை. தொடர்மாடி என்றால் கீழே காவலாளி இருக்கும் இடத்துக்கு இயந்திரத்தை இறக்கி, பகல் வேளையில், உறவினரோ அயலவரோ உடனிருக்கக் காட்டுங்கள். அநாகரிகமாகப் பேசியவரின் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்த பின்பே அவரைத் தடை செய்யுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அவை வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், தெஹிவளையிலுள்ள தாயாருக்காக எங்கள் சோபாவை வாங்குவதாகக் கூறி, வங்கியில் பணம் போட்ட சீட்டின் படத்தை அனுப்பினார். பேசிய தொகையைவிட 15,000 ரூபா கூடுதலாகப் போட்டுவிட்டதாகவும், அதை லொறிக்காரருக்கு உடனே அனுப்பிவிடும்படியும் கேட்கிறார். என் கைத்தொலைபேசிக்கு ஒரு குறியீடு வரும், அதையும் தனக்குச் சொல்ல வேண்டுமாம். அனுப்பலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஒரு சதமும் அனுப்பாதீர்கள், குறியீட்டையும் சொல்லாதீர்கள். இது மோசடி.

சீட்டின் படத்தை எவரும் கைத்தொலைபேசியிலேயே திருத்தி உருவாக்கலாம். வங்கியிலிருந்து வந்ததுபோலத் தோன்றும் குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்ப முடியும். இலங்கை வங்கிகளுக்கிடையே செஃப்ட்ஸ் எனும் உடனடிப் பரிமாற்ற முறையில் அனுப்பும் பணம் சிறிது நேரத்திலேயே கணக்கில் தெரியும் என்பதால், "நாளைக்குத்தான் வந்து சேரும், பொருளை இப்போதே கொடுங்கள்" என்று அவசரப்படுத்துபவருக்கு நீங்கள் இணங்க வேண்டியதில்லை. வங்கியின் செயலியைத் திறந்து மீதியைப் பாருங்கள், அல்லது கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். கூடுதலாகப் போட்டதாகச் சொல்லும் தொகை பெரும்பாலும் வந்திருக்காது. நீங்கள் லொறிக்காரருக்கென்று அனுப்பும் 15,000 ரூபாதான் உண்மையில் கைமாறும் ஒரே பணம்.

குறியீட்டைப் பற்றி எல்லா வாசகர்களும் அறிந்திருக்க வேண்டும். பணம் பெறுவதற்கு உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் ஆகியவையே போதும். ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் குறியீடு, அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்கள், இரகசிய எண் ஆகியவை உங்கள் பணம் வெளியே போவதற்கே தேவைப்படுபவை. வட்ஸ்அப்பிலிருந்து வரும் 6 இலக்கக் குறியீட்டைச் சொல்லிவிட்டால் உங்கள் வட்ஸ்அப் கணக்கே அவர் கைக்குப் போய்விடும், அதன்பின் உங்கள் பெயரில் உறவினர்களிடம் கடன் கேட்பார். ஏற்கெனவே சொல்லிவிட்டவர்கள் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் இணையக் கணக்கையும் முடக்கி, அதன் பிறகு பொலிஸில் முறையிடுங்கள். இணையவழிச் சம்பவங்களுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

நேரில் காசாக வாங்கினாலும் 5,000 ரூபா தாள்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்த்த பின்பே பொருளை ஏற்ற விடுங்கள். வாங்குபவர் நல்லவரானால் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

கேள்வி: பிள்ளைகளின் புத்தகங்களையும் தொட்டில் ஒன்றையும் இலவசமாகத் தருவதாக அறிவித்தேன். ஒரு பெண்மணி "எனக்கே வேண்டும்" என்று கெஞ்சி ஒதுக்கச் சொல்லிவிட்டு மூன்று முறை வராமல் விட்டார். இன்னொருவர் "வீட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டீர்களா?" என்கிறார். வேறொருவர் வாங்கிப் போய் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இனி எதையும் கொடுப்பதில்லை என்று நினைக்கிறேன்.
— வாசகி, கல்கிசை

பதில்: தயவுசெய்து அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள், தங்கையே. விலை கொடுத்தவர் தன் பணத்துக்காக வருவார். இலவசப் பொருளுக்கு ஒதுக்கச் சொன்னவருக்கு வராவிட்டால் இழப்பேதும் இல்லை. அதனால்தான் கொடுப்பவர்களுக்கு விற்பவர்களைவிட அதிகமாக இந்த ஏமாற்றம் நேர்கிறது. ஒதுக்கி வைப்பதற்கு ஒரு கால எல்லை சொல்லுங்கள்: "இன்று மாலை ஆறு மணி வரை உங்களுக்காக வைத்திருப்பேன், அதன்பின் அடுத்தவருக்கு." சொன்ன நேரம் கடந்ததும் குற்ற உணர்வின்றி அடுத்தவரை அழையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னவரை மட்டும் உடனே முறைகெட்டவர் என்று தள்ளிவிட வேண்டாம். மட்டக்குளியிலிருந்து கல்கிசைக்கு வந்து ஒரு தொட்டிலை ஏற்றிப் போக முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் தொகை, உழைத்து வாழும் குடும்பத்துக்குச் சிறியதல்ல. "வாகனம் இல்லையா, பாதி வழியில் சந்திக்கலாமா?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். உண்மையான தேவையுள்ளவர் நன்றியோடு இணங்குவார். அவருடைய வறுமையை விபரிக்கச் சொல்லிக் கேட்பது மட்டும் வேண்டாம், அது கொடையின் மதிப்பையே கெடுத்துவிடும்.

விற்பனைக்குப் போட்டவரைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்வேன்: கொடுத்த பின் பொருள் அவருடையது, அதைப் பின்தொடர்வதால் உங்கள் மனந்தான் புண்படும். யார் கைக்குப் போகிறது என்பது உங்களுக்கு முக்கியமானால் பொது அறிவிப்பைத் தவிர்த்து, பாடசாலை நூலகத்துக்கோ, கோயில் அறநெறி வகுப்புக்கோ, தேவாலயத்துக்கோ நேரடியாகக் கொடுங்கள். பாடநூல்கள் என்றால் பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பயனற்ற புத்தகம் வாங்குபவருக்குச் சுமை.

தொட்டிலைக் கொடுக்குமுன் அதன் பக்கத்தடுப்பு கீழே இறங்கும் வகையா என்று பாருங்கள். அவ்வகைத் தொட்டில்களில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. கம்பிகளுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் அதை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கைத்தொலைபேசி வாங்கிப் போனவர் இரண்டு வாரத்துக்குப் பின் "பற்றரி நிற்கவில்லை, பணத்தைத் திருப்பித் தா" என்று மிரட்டுகிறார். நான் கொடுக்க வேண்டுமா?
— வாசகர், கிருலப்பனை

பதில்: தம்பி, நீங்கள் விளம்பரத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. வர்ணனையை நம்பி வாங்கிய பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதிலுள்ள விதி. "பற்றரி புதிது" என்று எழுதிப் பழையதைக் கொடுத்திருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே முறை. பற்றரியின் நிலையை உள்ளபடி எழுதி, அவர் பரிசோதித்து எடுத்துச் சென்றிருந்தால் நீங்கள் கடமைப்பட்டவரல்ல. மிரட்டலுக்கு வாய்ச்சண்டை போடாமல், விளம்பரத்தின் படத்தை அனுப்பி ஒரே ஒரு முறை பதில் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஒரு பற்றுச்சீட்டு எழுதுங்கள். திகதி, தொகை, சொல்லப்பட்ட குறைகள், இருவரின் கையொப்பம், *#06# அழுத்தினால் தோன்றும், தொலைபேசியை அடையாளங்காட்டும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் ஆகியவை அதில் வேண்டும். வாங்குபவர் உங்கள் அடையாள அட்டைப் பிரதியைக் கேட்டால், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதை அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். கூகிள் அல்லது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறிய பின்பே தொலைபேசியிலுள்ள தரவுகளை அழித்து அதைக் கையளிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வாங்கியவரிடம் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: மோட்டார் சைக்கிளை வாங்குபவர், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, திகதியிடாத படிவங்களில் கையொப்பம் மட்டும் கேட்கிறார். நல்ல விலை தருகிறார்.
— வாசகர், மருதானை

பதில்: விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இணங்க வேண்டாம். பதிவில் உங்கள் பெயர் இருக்கும் வரை, அந்த வண்டி விபத்தில் சிக்கினாலும் குற்றமொன்றில் பயன்பட்டாலும் பொலிஸார் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அவரோடு சேர்ந்தே போய்ப் படிவங்களைக் கையளியுங்கள். வர மறுத்தால் வண்டியை அடுத்தவருக்குக் காட்டுங்கள்.