டெய்சி ஏன் ஒரு பூகூட அனுப்பவில்லை?

வணக்கம் சார்,

‘தி கிரேட் கேட்ஸ்பி’ படித்து முடித்து நான்கு நாள் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஐந்து வருடம் ஒருத்தியையே நினைத்து, அவளுக்காகவே சம்பாதித்து, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கியவன் கேட்ஸ்பி. காரை ஓட்டி, டாமின் கள்ளக்காதலி மர்ட்டிலைக் கொன்றது டாமின் மனைவியான இந்த டெய்சி. பழி இவன்மேல் விழுந்து இவன் சாகிறான். அடக்கத்துக்கு அவள் ஒரு பூகூட அனுப்பவில்லை. இப்படியொரு கல்நெஞ்சக்காரியை ஃபிட்ஸ்ஜெரால்ட் ஏன் படைத்தார்? பணக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லவா?

ம.

அன்புள்ள ம.,

கல்லூரி நாட்களில் முதல்முறை படித்தபோது நானும் டெய்சியைத் திட்டித் தீர்த்தவன்தான். பல வருடம் கழித்து மறுபடி படித்தபோது பிளாசா ஹோட்டல் காட்சியில் நின்றுவிட்டேன்.

1922 கோடை. தாங்கமுடியாத வெயில். நியூயார்க்கில் ஓர் அறைக்குள் ஐந்து பேர். டாமை ஒருநாளும் காதலித்ததே இல்லை என்று கணவன் முகத்துக்கு நேரே சொல்லும்படி டெய்சியிடம் கேட்கிறான் கேட்ஸ்பி. அவள் முயன்று பார்க்கிறாள், முடியவில்லை. இப்போது உன்னைக் காதலிக்கிறேனே, அது போதாதா, நடந்துபோனதை நான் என்ன செய்ய முடியும் என்று அழுகிறாள். ஒரு காலத்தில் அவனையும் காதலித்தேன், உன்னையும் காதலித்தேன் என்கிறாள். நாவலில் அவள் பேசும் மிக நேர்மையான பேச்சு இதுதான் என்பேன். கேட்ஸ்பியால் அந்த ‘உன்னையும்’ என்பதில் இருக்கும் ‘உம்’மைத் தாங்க முடியவில்லை.

அவனுக்கு வேண்டியது டெய்சி மட்டும் இல்லை. நடுவில் போன ஐந்து வருடம் நடக்காததாக ஆக வேண்டும். மாளிகை வாங்கியாயிற்று, இங்கிலாந்திலிருந்து சட்டைகள் வந்தாயிற்று, பக்கம்கூடப் பிரிக்காத புத்தகங்களால் நூலகத்தை நிரப்பியாயிற்று. காலத்தையும் அதே கையோடு வாங்கிவிடலாம் என்று நம்புகிறான். டெய்சியின் மகளைக் கூட்டிவரும்போது அவன் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். அப்படியொரு குழந்தை உண்டு என்பதையே அதுவரை அவன் நம்பவில்லை போல.

அதே அறையில்தான் டாம் துருப்புச்சீட்டை இறக்குகிறான். மதுவிலக்குக் காலம் அது. மருந்துக்கடை என்ற பெயரில் சாராயம் விற்றுச் சேர்த்த பணம் கேட்ஸ்பியுடையது என்று போட்டு உடைக்கிறான். டாமின் பணம் பரம்பரையாக வந்தது, அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. டாம் வசிக்கும் ஈஸ்ட் எக்குக்கும் கேட்ஸ்பி வசிக்கும் எதிர்க்கரை வெஸ்ட் எக்குக்கும் நடுவில் கிடப்பது வெறும் தண்ணீர் இல்லை. டெய்சி அங்கேயே பின்வாங்கத் தொடங்கிவிடுகிறாள்.

அவள் பின்வாங்குவது முதல் தடவையும் அல்ல. கல்யாணத்துக்கு முந்தைய நாள் டாம் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 3,50,000 டாலர். அன்று மாலை ஒரு கடிதம் வருகிறது. யார் எழுதியது என்று நாவல் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். டெய்சி குடிக்கிறாள், மாலையைக் குப்பைக்கூடையில் போடுகிறாள், கல்யாணம் வேண்டாம் என்கிறாள். குளியல் தொட்டிக்குள்ளும் கடிதத்தை விடாமல் பிடித்திருக்கிறாள். அது நனைந்து துண்டுதுண்டாகிப் போகிறது. அரைமணி நேரத்தில் மாலை கழுத்துக்கு வந்துவிடுகிறது. மறுநாள் ஐந்து மணிக்குக் கல்யாணம்.

டெய்சியை நான் விடுதலை செய்யவில்லை. கார் விஷயத்தில் அவள் வாய் திறக்காதது குற்றம்தான். ஆனால் நமக்குக் கதை சொல்லும் நிக்கும் அப்படித்தானே? ஓட்டியது யார் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் டாமிடம் அதைச் சொல்லாமல் கைகுலுக்கிவிட்டு வருகிறான். பூ வரவில்லை என்று நம்மிடம் குறை சொல்கிறவனும் அவன்தான்! அவனும் வசதியான வீட்டுப் பையன். பணக்காரர் எல்லாரும் இப்படியா என்ற உங்கள் கேள்வியை இவனிடம் கேட்டுப் பார்க்கலாம்.

சரி, பூவுக்கு வருவோம். விபத்து நடந்த இரவு, டாம் அவளை ஏதாவது செய்துவிடுவானோ என்று கேட்ஸ்பி அவர்கள் தோட்டத்தில் காவல் நிற்கிறான். நிக் போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். சமையலறை மேஜையில் ஆறிப்போன பொரித்த கோழி, இரண்டு புட்டி பீர். இருவரும் எதையும் தொடவில்லை. டாமின் கை அவள் கைமேல் இருக்கிறது. சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. ஏதோ முடிவெடுத்துக்கொண்டிருக்கும் புருஷன் பெண்டாட்டி. கேட்ஸ்பி விடியும்வரை அங்கேயே நிற்கிறான். நான்கு மணிவாக்கில் டெய்சி ஜன்னலுக்கு வருகிறாள். ஒரு நிமிடம் நிற்கிறாள். அப்புறம் விளக்கை அணைத்துவிடுகிறாள்.