அரை மணி நேரச் சவாரியை நம்பி வண்டியை மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் யமஹா எஃப்.ஜே.ஆர். 1300 பைக் இருக்கிறது. செகண்ட் ஹேண்டாக வாங்கி ஆறு வருடம் ஆகிறது. மீட்டர் 92,000 கி.மீ. காட்டுகிறது. ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லை. போன மாதம் நண்பரின் பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஆர்.டி.யை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து என் வண்டியில் ஏறினாலே குறைகள்தான் கண்ணில் படுகின்றன. வளைவில் முதலில் திரும்ப மறுக்கிறது, பிறகு சட்டென்று உள்ளே சரிகிறது. மேடு பள்ளத்தில் பின்பக்கம் ஊஞ்சலாடுகிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீழே அமுங்கிக் குத்துகிறது. ஐந்தே கியர் என்பதால் நெடுஞ்சாலையில் கால் ஆறாவது கியரைத் தேடுகிறது. ஆர்.டி.யில் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை, எடையே இல்லாததுபோல் இருந்தது. மனைவியும் போன வருடத்திலிருந்து நீண்ட பயணத்துக்கு வருவதில்லை. ஆர்.டி.க்கு மாறிவிடலாமா?

பதில்: இன்றைக்கு மாறாதீர்கள். மாறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு வண்டியையும் களைத்துப்போன ஒரு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பி.எம்.டபிள்யூ. ஜெயித்தது, யமஹா தோற்றது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். அது சரியான தீர்ப்பா என்பது உங்கள் வண்டி பழைய நிலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

வளைவில் மறுத்துவிட்டுச் சட்டென்று சரிகிறது என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தேய்ந்த டயர்தான் நினைவுக்கு வந்தது. நேர்ச்சாலையிலேயே பெரும்பாலும் ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும், ஓரங்களில் பழைய வளைவு அப்படியே இருக்கும். சாய்க்கும்போது வண்டி அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறித் தயங்கி நிற்கும், தாண்டியதும் பொத்தென்று சாயும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்து டயருக்குக் குறுக்கே வையுங்கள். புது டயரில் ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு இருபக்கமும் ஆடும். உங்களுடையதில் மூன்று நான்கு விரல் அகலத்துக்குப் படிந்து உட்கார்ந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. அப்படியே டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் நிறைய மிச்சம் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

உங்கள் வண்டிக்கும் ஆர்.டி.க்கும் டயர் அளவு ஒன்றேதான். முன்னால் 120/70, பின்னால் 180/55, இரண்டும் 17 அங்குலம். நண்பரின் வண்டியில் உங்களை மயக்கியதில் ஒரு பங்கு ரப்பராக இருந்தால், அதை உங்கள் வண்டிக்கும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஊஞ்சல். கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், சர்வீஸ் என்ற சொல்லே இல்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பின் ஷாக் அப்சார்பர் வண்டியோடு வந்ததேதானா? 92,000 கி.மீ. ஓடிய ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெயும் சீலும் இளைத்திருக்கும். ஸ்பிரிங் தாங்கும், ஆனால் தாங்கியதைத் துள்ளாமல் அடக்க ஆள் இருக்காது. அதைத்தான் நீங்கள் ஊஞ்சல் என்கிறீர்கள். எஃப்.ஜே.ஆரின் சாதாரண மாடலில் பின் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கிறது, இரண்டே நிலை. பின்னால் ஆள் ஏறும்போது அதை இறுக்கமான பக்கம் தள்ளும் பழக்கம் உண்டா? தனியாக ஓட்டும் நிலையிலேயே விட்டுவிட்டு இருவருமாக, பெட்டிகளை நிரப்பிக்கொண்டு போயிருந்தால், பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டுதான் வளைவுகளில் நுழைந்திருப்பீர்கள். இந்த வண்டியில் முன் சஸ்பென்ஷன் 135 மில்லிமீட்டரும் பின்னது 125 மில்லிமீட்டரும் அசையும். நீங்கள் ஏறி உட்காரும்போது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. பாதிக்கு மேல் இறங்கிவிட்டால் பள்ளம் வரும்போது உள்வாங்க இடமே இருக்காது.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் ஒரு வண்டியை விற்றேன். வேகம் கூடினால் தலையாட்டுகிறது, இந்த மாடலே இப்படித்தான் என்று முடிவுகட்டி, போட்டி நிறுவனத்தின் வண்டிக்குப் போனேன். என் வண்டியை வாங்கியவர் செய்தது இரண்டே வேலை: ஸ்டீயரிங் பேரிங்கை மாற்றினார், பின் டயரை மாற்றினார். சில மாதம் கழித்து என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கோடு போட்டதுபோல் நேராகப் போனது. வண்டியை நிறுத்தி இறங்க எனக்கு மனமே வரவில்லை. அந்த வருத்தம் உங்களுக்கு வரக் கூடாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நேர்நிலைக்கு வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் பேரிங் போய்விட்டது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் மாறாதவை சில உண்டு. அங்கே ஆர்.டி. நிஜமாகவே வேறு வண்டி.

பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குத்துவது அதில் ஒன்று. சாதாரண ஃபோர்க்கில் பிரேக்கின் அழுத்தமும் சாலையின் அதிர்ச்சியும் ஒரே ஸ்பிரிங்கில்தான் வந்து விழும். பி.எம்.டபிள்யூ. 1993இல் ஆர் 1100 ஆர்.எஸ்.ஸில் கொண்டுவந்த டெலிலீவரில் முன் சக்கரத்தை ஒரு கை போன்ற பாகம் தாங்கிப் பிடிக்கிறது. பிரேக்கின் விசையில் பெரும்பகுதி அதன் வழியாக வண்டியின் உடலுக்குப் போய்விடுவதால் முன்பக்கம் அவ்வளவாகத் தணிவதில்லை. புது ஃபோர்க் ஆயில் உங்கள் வண்டியின் குத்தலைக் குறைக்கும், இந்த அளவுக்குக் கொண்டுவராது. ஆனால் ஃபோர்க்கிலேயே பழகிய கைகளில் சிலருக்கு டெலிலீவர் பிடிப்பதில்லை, முன் டயர் என்ன செய்கிறது என்ற செய்தி கைக்கு வரவில்லை என்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று அரை மணி நேரத்தில் தெரியாது. ஈரமான மலைப்பாதையில் ஒரு முற்பகல் ஓட்டினால் தெரியும்.

எடை விஷயத்தில் உங்கள் உணர்வும் கணக்கும் ஒத்துப்போகவில்லை. டேங்க் நிறைந்த நிலையில் எஃப்.ஜே.ஆர். 289 கிலோ, ஆர்.டி. 279 கிலோ. வித்தியாசம் 10 கிலோ. இரண்டிலும் டேங்க் 25 லிட்டர். அதாவது அரை டேங்க் பெட்ரோல் காலியானாலே அந்த வித்தியாசம் ஏறக்குறையப் போய்விடும். சீட் உயரமும் இரண்டிலும் ஒன்றேதான், 805 அல்லது 825 மில்லிமீட்டர் என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் லேசாக உணர்ந்தீர்கள் என்றால் காரணம் பாக்ஸர் இன்ஜின். சிலிண்டர்கள் இரண்டும் பக்கவாட்டில் படுத்திருப்பதால் எடை தாழ்வாக அமர்ந்திருக்கிறது. பார்க்கிங்கில் தள்ளும்போதும் மெதுவாகத் திரும்பும்போதும் அது நிஜமான நன்மை. வயது ஏற ஏற இதன் மதிப்பு கூடும். உங்கள் வண்டிக்கு எந்த மெக்கானிக்கும் இதைச் செய்து தர முடியாது.

சக்தியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. 146 குதிரைசக்தியிலிருந்து 136க்கு இறங்குவீர்கள். இழுவிசை 138இலிருந்து 143 நியூட்டன் மீட்டராக ஏறும், அதுவும் இன்னும் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே கிடைக்கும். எண்ணைவிடக் குணம்தான் முக்கியம். உங்கள் நான்கு சிலிண்டர் பட்டுப்போல் ஏறும், ஆர்.டி.யின் பாக்ஸர் துடித்துக்கொண்டு இழுக்கும். சிலர் நாள் முழுக்க அந்தத் துடிப்பை விரும்புவார்கள், சிலருக்கு இரண்டாம் நாளே கை மரத்துப்போகும்.

ஆறாவது கியர் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், யமஹாவே 2016இல் எஃப்.ஜே.ஆருக்கு அதைக் கொடுத்துவிட்டது. டாப் கியரில் இன்ஜின் சுற்று சுமார் 10 சதவீதம் குறைந்தது, கிளட்ச்சும் லேசானது. எங்கே எது இருக்கிறது என்று கைக்கும் காலுக்கும் தெரிந்த வண்டி. போட்டி வண்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில் இது உங்கள் கண்ணில் படவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் யூரோ 5 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு எஃப்.ஜே.ஆர். கடையைவிட்டுப் போய்விட்டது. ஹோண்டா எஸ்.டி. 1300, கவாசாகி 1400 ஜி.டி.ஆர். என்று இதன் பழைய எதிராளிகளும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆர்.டி. வரிசை தொடர்கிறது, 2025இல் ஆர் 1300 ஆர்.டி. வந்திருக்கிறது. பத்து வருடம் வைத்து ஓட்டுவதாக எண்ணம் என்றால், உதிரிபாகக் கணக்கில் ஆர்.டி.க்கு ஒரு படி கூடுதல்.

பராமரிப்பில் இரண்டும் வேறு வேறு மாதிரி. எஃப்.ஜே.ஆரில் வால்வ் இடைவெளி பார்ப்பது சுமார் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஆனால் ஃபேரிங் என்ற வெளிக்கூடு, டேங்க் என்று நிறையக் கழற்ற வேண்டும். (92,000 கி.மீ.க்குள் அது இரண்டு முறை நடந்திருக்க வேண்டும். நடந்ததா?) ஆர்.டி.யில் 20,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும், சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கை எளிதில் எட்டும். ஸ்பானரை நீங்களே எடுக்கும் ஆள் என்றால் இரண்டும் சமாளிக்கக்கூடியவை. இல்லையென்றால் ஆர்.டி. உங்களை அடிக்கடி சர்வீஸ் சென்டருக்கு அழைக்கும்.

கடைசியாக உங்கள் மனைவி. பத்து வரி எழுதியதில் அவருக்கு ஒரு வரி, அதுவும் போகிறபோக்கில். எனக்கு அந்த வரிதான் கடிதத்திலேயே கனமாகத் தெரிகிறது. இது இருவர் போவதற்கென்றே செய்த வண்டி. அதில் ஒருவர் ஒரு வருடமாக ஏறவில்லை. ஏன் என்று கேட்டீர்களா?

பின்னால் உட்காருபவர் ஏறக்குறைய பின் சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். உங்களுக்கு ஊஞ்சலாகத் தெரிவது அவர் முதுகில் அடியாக விழும். நீங்கள் பள்ளத்தைப் பார்த்து உடம்பைத் தயார்செய்துகொள்வீர்கள். அவருக்கு முன்னால் உங்கள் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான். ஷாக் அப்சார்பர் இளைத்ததை உங்களுக்கு முன்பே அவர் உணர்ந்திருக்கலாம். முதுகா, முட்டியா, விண்ட் ஸ்கிரீனைத் தாண்டி வந்து ஹெல்மெட்டில் மோதும் காற்றா, அல்லது வளைவில் வண்டி சட்டென்று சரியும்போது வந்த பயமா என்று அவரால்தான் சொல்ல முடியும். பயம் என்றால் டயரும் சஸ்பென்ஷனும் அதைத் தீர்க்கும். முட்டி மடங்குவதுதான் வலி என்றால் அவர் இரண்டு வண்டியிலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

டயர், ஃபோர்க் ஆயில், ஷாக் அப்சார்பர், பேரிங் வேலைகளை முடித்துவிட்டு உங்கள் வண்டியில் இருவருமாக ஒரு நாள் போய்வாருங்கள். பிறகு நண்பரிடம் ஆர்.டி.யை ஒரு நாள் முழுக்கக் கேளுங்கள். பெட்டிகளைப் பயணத்துக்குப் போவதுபோலவே நிரப்பி, அதே பாதையில், மனைவியையும் ஏற்றிக்கொண்டு போங்கள். போன மாத அரை மணி நேரத்தில் பின் சீட் காலியாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.