வளர்க்கும் விதம் மாறினால் உலோக நானோ கம்பியின் அமைப்பு ஏன் மாறுகிறது?

நானோ கம்பி என்பது தலைமுடியைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மெல்லிய உலோக இழை. அதனுள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைத்தான் அமைப்பு என்கிறோம்.

பீச்–தாம்பரம் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஏறுகிறவர்கள் நிதானமாக உள்ளே நகர்ந்து உட்காருகிறார்கள். மாலை நெரிசலில் கிடைத்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அணுக்களும் அப்படித்தான். நுண்துளை அச்சுக்குள் மின்சாரம் செலுத்திச் செம்பைப் படியவைக்கும்போது, மின்னழுத்தம் குறைவாக இருந்தால் அணுக்கள் மெதுவாக வரும். நகர்ந்து சரியான இடம் பிடிக்க நேரம் கிடைப்பதால், கம்பி ஒரே படிகமாக, அதாவது முழுவதும் ஒரே ஒழுங்கில் அணுக்கள் அடுங்கியதாக, அமைய வாய்ப்பு அதிகம். அவசரப்படுத்தினால் பல இடங்களில் ஒரே சமயத்தில் படிகம் தொடங்கி, சிறு படிகங்கள் ஒட்டிய கம்பியாகிவிடும். அந்த ஒட்டுகளில் எலக்ட்ரான்கள் சிதறுவதால் மின்தடையும் கூடும்.

வெள்ளியின் கதை எனக்கு இன்னும் அழகாகத் தோன்றுகிறது. சுமார் 160 டிகிரி செல்சியஸில், எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் அது வளரும்போது பிவிபி என்ற பாலிமர் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். முனைகள் மட்டும் திறந்திருக்க, வெள்ளி நீளவாக்கில் வளர்கிறது. பிவிபி அளவு மாறினால் கம்பிக்குப் பதில் வெறும் துகள்கள் வரலாம்.

தடித்த கம்பியை இழுத்து இழுத்து மெலிதாக்குகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நகைப்பட்டறையில் அது சரி, ஆனால் இவை அணு அணுவாக வளர்க்கப்படுபவை.