பில்லி பொண்ட்ஸ் யார் என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்து நான்கு மாதமாகிறது என்றும், பண்டகசாலையில் உங்களோடு வேலை செய்யும் வயதான ஆங்கிலேயர்கள் இருவர் சாப்பாட்டு நேரத்தில் பொண்ட்ஸ், புரூக்கிங், நோபிள் என்ற பெயர்களைச் சொந்த வீட்டு மனிதரைப் போலச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். முதற்பிரிவு லீக்கை ஒருமுறைகூட வெல்லாத வெஸ்ற்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தில் ஒருவர் இருபது வருடம் விளையாடியதில் அப்படி என்ன பெருமை என்பதே உங்கள் கேள்வி. 1986 இல் நான் வந்தபோது எனக்கும் இதே கேள்வி இருந்தது.

முதலில் இந்தக் கழகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேம்ஸ் நதியோரம், லீ ஆறு வந்து கலக்கும் இடத்தில் இருந்த தேம்ஸ் அயன்வேர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 1895 இல் தொடங்கிய அணி அது. 1900 இல் வெஸ்ற்ஹாம் யுனைற்றட் என்று பெயர் மாறியது. சின்னத்தில் குறுக்காகக் கிடக்கும் இரண்டு சுத்தியல்களும் கப்பலுக்குத் தறையாணி அடித்தவர்களின் சுத்தியல்களே. தகப்பன் வேலை செய்த இடத்திலேயே மகனும் வேலைக்குச் சேர்ந்த ஊரில், ஓரிடத்தில் நிலைத்து நிற்பதை ஒரு குணமாகவே மதித்தார்கள். கழகமும் அப்படித்தான் நடந்தது: தொடக்க காலத்திலிருந்து 1989 வரை அதற்கு ஐந்தே ஐந்து முகாமையாளர்கள். ஏர்னி கிரகரி என்ற கோல்காப்பாளர் 1936 இல் இளைஞனாகச் சேர்ந்து, விளையாடி முடித்தபின் பயிற்றுநராகி, 1987 இல்தான் ஓய்வு பெற்றார்.

இனி பில்லி பொண்ட்ஸ். 1967 இல் சார்ல்ற்றன் கழகத்திலிருந்து சுமார் 50,000 பவுணுக்கு வாங்கப்பட்டவர், 1988 வரை இங்கேயே விளையாடினார். கழகத்தின் கணக்கில் அவர் ஆடியவை 799 ஆட்டங்கள்; இன்றுவரை அதுவே சாதனை. 1966 இல் உலகக் கிண்ணத்தை ஏந்திய பொபி மூர் 1974 இல் புல்ஹாம் கழகத்துக்குப் போனபோது, அணித்தலைவர் பொறுப்பு பொண்ட்ஸின் கைக்கு வந்தது. அடுத்த வருடமே, இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எப்.ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் வெஸ்ற்ஹாம் சந்தித்த எதிரணி அதே புல்ஹாம், அந்த அணியில் மூர். 2–0 என்று வென்று பொண்ட்ஸ் கிண்ணத்தை வாங்கினார்; 1980 இல் மறுபடியும் வாங்கினார். இவ்வளவு இருந்தும் இங்கிலாந்து தேசிய அணிக்காக ஓர் ஆட்டத்திலும் அவர் இறங்கியதில்லை. அந்தக் குறையே இந்த ஊர் மக்களுக்கு அவரை இன்னும் நெருக்கமாக்கியது என்று நான் நினைக்கிறேன்.

நான் அவரைக் கண்ணால் கண்டவன். இரவுவேலையில் என்னோடு பாண் அடுக்கிய ஒரு பெரியவர், வந்த முதல் குளிர்காலத்தில் என்னைக் கழகத்தின் அப்டன் பார்க் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். 'சிக்கன் ரன்' என்று அவர்கள் அழைத்த கிழக்குப் பக்கத்தில், கோட்டு நனைய நின்றோம். நாற்பது வயதான ஒரு மனிதர், காலுறை கணுக்கால் வரை சரிந்து கிடக்க, தன்னில் பாதி வயதுப் பொடியன்களோடு சேற்றில் சறுக்கிப் பந்தைப் பறித்துக்கொண்டிருந்தார். பெரியவர் என் தோளைத் தட்டி, இருபது வருடமாக ஒவ்வொரு கிழமையும் இப்படித்தான் என்றார். கால்விரல் காயத்தால் முந்திய பருவம் முழுவதையும் இழந்து, திரும்பி வந்த அந்தப் பருவத்தில்தான் ரசிகர்கள் பொண்ட்ஸை வருடத்தின் சிறந்த வீரராகத் தெரிந்தெடுத்தார்கள். அது அவருக்கு நான்காவது தடவை.

ட்ரெவர் புரூக்கிங்கின் கதை வேறு விதமானது. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பிறந்தவர், இங்கிலாந்து அணியின் நிலையான ஆட்டக்காரர். 1978 இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது எந்தப் பெரிய கழகத்துக்கும் அவர் போயிருக்கலாம், போகவில்லை. 1980 இறுதியாட்டத்தில், இரண்டாம் பிரிவிலிருந்து வந்து ஆர்சனலை 1–0 என்று வென்றபோது, தலையால் தட்டி அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் அவரே. அவர் வழமையாகத் தலையால் கோல் போடுகிறவர் அல்லர் என்பதையும் உங்கள் தோழர்கள் நிச்சயம் சொல்வார்கள்.

இதில் ஒரு நியாயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1961 வரை இங்கிலாந்தில் வீரரின் உச்சச் சம்பளம் வாரத்துக்கு 20 பவுண். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை விடாமல் பிடித்துவைக்கும் உரிமை கழகங்களுக்கு இருந்தது. 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்றாம் என்ற வீரரின் வழக்கில் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 1995 இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பொஸ்மன் தீர்ப்புக்குப் பின்தான் ஒப்பந்தம் முடிந்தவர் முழுச் சுதந்திரமாகப் போக முடிந்தது. ஆகவே மிகப் பழைய காலத்து நீண்ட சேவையில் கட்டாயமும் ஓரளவு கலந்திருந்தது. கதவு அகலத் திறந்திருந்த காலத்தில், 2004 முதல் 2022 வரை 550 ஆட்டங்கள் ஆடிய, பக்கத்துக் கனிங் ரவுண் பகுதிப் பிள்ளை மார்க் நோபிளை நான் மிக உயர்வாக வைப்பது அதனால்தான். அவருக்கும் தேசிய அணியில் இடம் கிடைக்கவில்லை. 2016 மார்ச்சில் பழைய மைதானத்தில் அவருக்காக 'ரெஸ்ரிமோனியல்' நடந்தது. நெடுநாள் சேவை செய்த வீரரைக் கௌரவித்து, பெரும்பாலும் பத்து வருடம் கடந்தபின், கழகம் நடத்தும் ஆட்டத்துக்கு அதுதான் பெயர். சுமார் ஆறு கிழமையில் அந்த மைதானமும் மூடப்பட்டது.

இன்னொருவரையும் கேட்டு அறியுங்கள்: கிளைட் பெஸ்ற். 1968 இல் பெர்முடாவிலிருந்து பதினேழு வயதில் தனியே வந்திறங்கினார். விமான நிலையத்தில் கூட்டிப்போக ஆள் இல்லை. கழகத்தின் பெயரை நம்பி வெஸ்ற்ஹாம் நிலையத்தில் இறங்கினால் அங்கே மைதானம் இல்லை, அது அப்டன் பார்க்கில். கனிங் ரவுணில் ஒரு குடும்பம் அவரை வீட்டில் வைத்துப் பார்த்தது. கறுப்பினத்தவரை ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிய அந்தக் காலத்தில், 1976 வரை அவர் இங்கே விளையாடினார். எங்களைப் போல வந்தவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய பெயர் அது.

இப்போது கழகம் ஸ்ராட்போர்டில், ஒலிம்பிக் அரங்கில் இருக்கிறது. அங்குள்ள பார்வையாளர் மேடைகளுக்கு மூர், புரூக்கிங், பொண்ட்ஸ் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் முதலில் கிறீன் ஸ்ரீற்றும் பார்க்கிங் ரோட்டும் சந்திக்கும் மூலைக்குப் போங்கள். மூரைத் தோளில் தூக்கிய சிலை அங்கே நிற்கிறது. பழைய மைதானம் இருந்த இடத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், உங்கள் தோழர்கள் முதன்முதலில் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனார்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பெரியவர் எனக்கு வாங்கித்தந்த ஆட்ட நிகழ்ச்சிநிரல் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் ஒருநாள் வீட்டுக்கு வந்து பாருங்கள்.